தீவகத்தின் வயதை மட்டியிடம் கேட்பது எப்படி?

யாழ்ப்பாணத் தீவகத்தின் பழமையைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் நினைவுக்கு வருவது நயினாதீவுக் கல்வெட்டு. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் பராக்கிரமபாகு மன்னன் தமிழில் வெட்டுவித்த ஆணை அது. ஊராத்துறைக்கு (இன்றைய ஊர்காவற்றுறை) வரும் வெளிநாட்டு வணிகரைக் காக்க வேண்டும். யானையும் குதிரையும் ஏற்றிவந்த கப்பல் உடைந்தால் நான்கில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. பிற சரக்கானால் பாதிக்குப் பாதி. மன்னன் யார் என்று தெரிகிறது, எழுத்தின் வடிவமும் தெரிகிறது. காலத்தைச் சொல்ல அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை.

அடுத்தது அல்லைப்பிட்டி. யாழ்ப்பாண நகரிலிருந்து பண்ணை வீதியால் வருபவர் மண்டைதீவுச் சந்தியைத் தாண்டியதும் எதிர்ப்படும் ஊர். 1970களின் பிற்பகுதியில் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அங்கே அகழ்ந்தபோது வட சொங் அரசமரபுக் காலத்துச் சீனப் பீங்கான் உடைசல்கள் ஏராளமாகக் கிடைத்தன. 2018இல் ஷாங்காய் அருங்காட்சியக ஆய்வாளர்கள் வந்து மறுபடியும் தோண்டினார்கள். பீங்கானின் மெருகையும் விளிம்பின் வளைவையும் பார்த்தே எந்தச் சூளைக்காலத்துச் சரக்கு என்று சொல்லிவிடுகிறார்கள்.

இவை இரண்டும் சேர்ந்து தீவகத்தின் கதையை ஆயிரம் ஆண்டு வரைக்கும் பின்னால் கொண்டுபோகும். அதற்கும் முன்னால்? எழுத்து இல்லை, பீங்கான் இல்லை, மட்பாண்டம்கூட இல்லாத காலமாக இருந்தால் எதைக் கொண்டு அளப்பது? அந்தக் கேள்விக்கு அண்மையில் விடை சொன்னது வேலணைத் தீவின் மண்ணுக்குள் கிடந்த ஒரு சிப்பிக் குவியல். யாரோ அவித்தோ சுட்டோ தின்றுவிட்டு எறிந்த மட்டிகள். தொல்லியலாளர் திலங்க சிறிவர்தன தலைமையிலான குழு ஆராய்ந்த அந்தக் குவியலுக்குக் கதிரியக்கக் காபன் முறை தந்த வயது ஏறத்தாழ 3,460 ஆண்டுகள்.

அந்த மட்டிகளோடு குவார்ட்ஸ் எனும் படிகக்கல்லில் செய்த கருவிகளும் கிடந்தன. தீவகம் முழுவதும் சுண்ணாம்புக்கல்லும் மணலும்தான். குவார்ட்ஸ் இங்கே கிடைக்கும் கல் அல்ல. அதைத் தெற்கே பெருநிலத்திலிருந்து எடுத்துக்கொண்டு தீவகத்தைச் சூழ்ந்த பரவைக்கடலைக் கடந்திருக்கிறார்கள். தண்ணீரும் கல்லும் குறைந்த, வறண்ட தீவுகளில் கற்கருவிக் கால மனிதர் குடியிருந்திருக்க மாட்டார்கள் என்ற எண்ணத்தை ஒரு குப்பைமேடு மாற்றிவிட்டது.

ஆனால் 3,460 என்ற எண் எப்படிக் கிடைக்கிறது? அதை எவ்வளவு தூரம் நம்பலாம்? வேலணைக்கும் மண்டைதீவுக்கும் பொதுவான அந்த ஆழமற்ற கடலும், இரண்டுக்கும் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல்லும் இந்தக் கணக்கில் நேரடியாகக் குறுக்கிடுகின்றன. அதனால் தீவகத்தார் இந்த விஞ்ஞானத்தைக் கொஞ்சம் விளக்கமாகவே தெரிந்துகொள்வது நல்லது.

கடல் ஒதுக்கியதா, மனிதர் குவித்ததா?

தீவுகளில் எங்கே வெட்டினாலும் ஊரியும் மட்டியும் வரும். கிணறு வெட்டும்போதும் மலகூடக் குழி வெட்டும்போதும் பார்க்கிறோம். அவற்றில் பெரும்பாலானவை கடல் தானாக ஒதுக்கியவை. தொல்லியலாளரின் முதல் வேலை இந்த இரண்டையும் பிரித்தறிவது.

கடல் ஒதுக்கிய படையில் குஞ்சும் பெரிதும் கலந்து எல்லா அளவிலும் மட்டிகள் இருக்கும். இரண்டு ஓடுகளும் பிரியாமல் ஒட்டியபடி இருப்பவையும், அலையில் உருண்டு விளிம்பு மழுங்கியவையும் இருக்கும். மனிதர் குவித்ததில் அப்படி இல்லை. தின்னத் தகுந்த சில வகைகளே திரும்பத் திரும்ப வரும், அவையும் வளர்ந்தவை. ஓடுகள் பிரிந்திருக்கும். சதை எடுக்க ஒரே இடத்தில் உடைத்த ஊரிகள் தென்படும். இடையிடையே கரி, நெருப்பில் கறுத்த கல், மீன் முள், விலங்கெலும்பு, கருவி செய்தபோது தெறித்த கற்சில்லு.

உலகத்தில் இந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கவே காலம் எடுத்தது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டென்மார்க்கின் கரையோரச் சிப்பி மேடுகளைப் பார்த்தவர்கள் அவை பழைய கடற்கரை என்றே நினைத்தார்கள். விலங்கியலாளர் யாபெட்டஸ் ஸ்டீன்ஸ்ட்ரப்பும் தொல்லியலாளர் வோர்சாவும் சேர்ந்த குழு ஆராய்ந்த பிறகே அவை ஆதிமனிதரின் சமையற் கழிவு என்பது உறுதியானது. 1877இல் எட்வர்ட் மோர்ஸ் தோக்கியோவுக்கு அருகே ஓமோரியில் ரயிலிலிருந்து ஒரு சிப்பி மேட்டைக் கண்டு அதை அகழ்ந்தார். யப்பானின் நவீன தொல்லியல் அங்கிருந்து தொடங்கியதாகச் சொல்வார்கள்.

குவியல் மனிதருடையது என்று தெரிந்த பிறகுதான் வயதுக் கேள்வி வருகிறது.

காபன்-14 குறையும் கணக்கு

விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது நியூத்திரன்கள் வெளிப்படுகின்றன. அவை நைதரசன் அணுக்களைத் தாக்க, காபன்-14 என்ற கதிரியக்கச் சமதானி உண்டாகிறது. சாதாரண காபன் அணுக்கள் ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடிக்கு ஒன்று என்ற மிகச் சிறிய அளவில்தான் அது இருக்கிறது. காபனீரொட்சைட்டாகச் செடிக்குள் போய், செடியிலிருந்து விலங்குக்குள்ளும் மனிதருக்குள்ளும் போகிறது. உயிர் இருக்கும்வரை வரவும் செலவும் நடந்துகொண்டே இருக்கும். உயிர் போனதும் வரவு நின்றுவிடும். உள்ளே இருப்பது சிதைந்து குறையும். 5,730 ஆண்டுகளில் பாதி. இன்னொரு 5,730 ஆண்டுகளில் அந்தப் பாதியிலும் பாதி. 50,000 ஆண்டுகளுக்குப் பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது.

இதைக் காலம் அளக்கும் முறையாக்கியவர் சிக்காகோ பல்கலைக்கழகத்தின் வில்லார்ட் லிபி. 1949இல் அவரும் ஜேம்ஸ் ஆர்னோல்டும் வயது ஏற்கெனவே தெரிந்த பொருட்களை அளந்து முறை சரிதான் என்று காட்டினார்கள். 1960இல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. தமிழ்நாட்டு வாசகருக்கும் இந்த முறை புதிதல்ல. கொற்கையில் 1960களின் இறுதியில் தோண்டியெடுத்த மரத்துண்டுக்குக் கி.மு. 785 என்று வயது சொன்னதும், கீழடியிலும் சிவகளையிலும் கிடைத்த கரிக்கும் நெல்லுக்கும் வயது சொன்னதும் இதே காபன்-14தான்.

மட்டியின் ஓடு கல்சியம் காபனேற்று. அதிலும் காபன் உண்டு. ஆகவே அதையும் அளக்கலாம். ஆய்வுகூடத்தில் ஓட்டின் மேற்பரப்பை மெல்லிய அமிலத்தால் அரித்து அகற்றிவிடுவார்கள். உள்ளிருக்கும் சுத்தமான பகுதியைப் பொசுபோரிக்கமிலத்தில் கரைத்தால் காபனீரொட்சைட்டு வெளிவரும். அதைக் காரீயமாக்கி ஆர்முடுக்கித் திணிவு நிறமாலைமானியில் வைத்தால் கருவி காபன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும். லிபியின் காலத்தில் கைநிறைய மாதிரி வேண்டும். 1970களின் பிற்பகுதியில் வந்த இந்த முறைக்கு விரல்நகத்தளவு துணுக்கே போதும்.

வரும் எண் ‘இன்றிலிருந்து இத்தனை ஆண்டுகளுக்கு முன்’ என்று சொல்லும். அந்த ‘இன்று’ உலக உடன்பாட்டின்படி 1950ஆம் ஆண்டு. அதற்குப் பிறகு நடந்த அணுகுண்டுச் சோதனைகள் வளிமண்டலத்தின் காபன்-14 அளவை 1960களின் தொடக்கத்தில் ஏறக்குறைய இரட்டிப்பாக்கிவிட்டன. இதில் ஒரு நன்மையும் உண்டு. பழைய குவியல் என்று நினைத்து எடுத்த மட்டி நேற்றைய சமையலறைக் கழிவாக இருந்தால், அந்த மிகை காபன்-14 உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

கடல் கூட்டிச் சொல்லும் வயது

இதுவரை சொன்னது கரிக்கும் நெல்லுக்கும் சரி. மட்டிக்கு இன்னும் ஒரு சிக்கல் இருக்கிறது.

நிலத்துச் செடி வளிமண்டலத்தின் புதுக் காபனை எடுக்கிறது. கடல் அப்படியல்ல. ஆழ்கடல் நீர் நூற்றுக்கணக்கான ஆண்டுகள் காற்றைக் காணாமல் கிடந்து, அதிலிருந்த காபன்-14இல் ஒரு பகுதி ஏற்கெனவே சிதைந்துபோனது. அது மேலே எழுந்து மேல்மட்ட நீரோடு கலக்கிறது. பழைய அரிசியையும் புது அரிசியையும் ஒரே மூட்டையில் கலந்தது போலத்தான். அந்த நீரில் வளரும் மட்டி பிறக்கும்போதே வயதானதாகத் தெரியும். அன்று காலை பிடித்த மட்டியும் பல நூறு ஆண்டு பழையது போல அளவு காட்டும். உலகச் சராசரியாக 400 ஆண்டுகள் என்பது நெடுங்காலம் வழங்கிய கணக்கு. 2020இல் வெளியான ‘மரைன்20’ என்ற சர்வதேச வளைகோட்டின்படி அந்தச் சராசரி 500ஐயும் தாண்டுகிறது.

400 ஆண்டு என்றால் எவ்வளவு? 1619இல் போர்த்துக்கீசர் சங்கிலி மன்னனைப் பிடித்து யாழ்ப்பாண அரசை முடித்துவைத்ததிலிருந்து இன்றுவரை உள்ள காலம். திருத்தம் செய்யாமல் விட்டால் அவ்வளவு வரலாறு கணக்கில் புகுந்துவிடும்.

உலகச் சராசரியும் எல்லா ஊர்க் கடலுக்கும் பொருந்தாது. பருவக்காற்றால் ஆழ்நீர் பலமாக மேலெழும் அரபிக்கடலின் மேற்குப் பகுதியில் வித்தியாசம் அதிகம். வங்காள விரிகுடாவில் அப்படியல்ல. ஆகவே ஒவ்வொரு கரைக்கும் ஒரு உள்ளூர்த் திருத்தம் வேண்டும். அதைக் கண்டுபிடிக்கும் வழி எளிமையானது. அணுகுண்டுச் சோதனைகளுக்கு முன்னால், எந்த ஆண்டில் எந்தக் கடலில் உயிரோடு பிடித்தது என்று குறிப்பெழுதி அருங்காட்சியகத்தில் வைத்த சிப்பியை எடுத்து அளந்து பார்க்க வேண்டும். உண்மையான வயதுக்கும் அளந்த வயதுக்கும் உள்ள இடைவெளியே அந்தக் கடலின் திருத்தம். இந்து சமுத்திரக் கரைகளுக்கு இத்தகைய அளவீடுகள் 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியாயின. 1902இல் ஹேர்ட்மனும் ஹோர்னெலும் மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி ஆய்வு செய்தார்கள். அந்தக் காலத்துச் சேகரிப்பில் நாளும் இடமும் எழுதிய ஒரு சிப்பி இன்று பொன்னுக்குச் சமம்.

யாழ்ப்பாணப் பரவைக்கடலுக்கு இன்னொரு தனிக்குணம் உண்டு. குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல். பல மில்லியன் ஆண்டுப் பழமையான அந்தக் கல்லில் காபன்-14 துளியும் இல்லை. மழைநீர் அதனூடே இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு நிலத்தடியால் கடலுக்குள் ஊறுகிறது. கீரிமலை ஊற்றில் அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்படிப்பட்ட நீர் சேரும் ஆழமற்ற களக்கடலில் வளரும் மட்டிக்குச் சாதாரண கடல் திருத்தம் மட்டும் போதாமல் போகலாம்.

மட்டி எதைத் தின்றது என்பதும் முக்கியம். நீரை வடிகட்டி உண்ணும் இரட்டை ஓட்டு மட்டிகள் கடல்நீரின் காபனையே பெரும்பாலும் ஓட்டில் சேர்க்கின்றன. கண்டல் சேற்றை மேயும் ஊரிகள் சேற்றோடு சுண்ணாம்புத் துகளையும் விழுங்குகின்றன. பப்புவா நியூகினியின் போர்ட் மொர்ஸ்பிக்கு அருகே கோஷன் விரிகுடாவில் பியோனா பெட்சியும் அவருடைய சகாக்களும் இதை வகை வகையாக அளந்து பார்த்தார்கள். ஒரே கரையில் வாழ்ந்த வெவ்வேறு இனங்கள் வெவ்வேறு திருத்தத்தைக் கேட்டன. சேற்று ஊரிகள் மலிந்த தீவகத்தில் அகழ்பவர்களுக்கு இது நேரடிப் பாடம்: எந்த இனத்தை ஆய்வுகூடத்துக்கு அனுப்புகிறோம் என்பதிலேயே வயதின் தரம் தங்கியிருக்கிறது.

இதற்கெல்லாம் நல்ல காவல், ஒரே படையிலிருந்து மட்டியையும் கரியையும் சோடியாக எடுத்து அளப்பது. கரியிலும் கவனம் வேண்டும். வைரம் பாய்ந்த மரத்தின் நடுப்பகுதியை எரித்த கரி, மரம் வெட்டிய நாளைவிடப் பழைய வயதைக் காட்டும். ஓராண்டில் விளைந்து எரிந்த விதையோ கொட்டையோ கிடைத்தால் அதுவே மேல். விதைக்கும் மட்டிக்கும் உள்ள வேறுபாடு, 3,500 ஆண்டுகளுக்கு முந்தைய பரவைக்கடலின் திருத்தத்தையே நேரடியாகச் சொல்லிவிடும்.

தெற்கே நடந்தது

இலங்கையில் சிப்பி மேடுகள் நன்கு ஆராயப்பட்ட இடம் தென்கரையான அம்பாந்தோட்டை மாவட்டம். பல்லேமலலவில் ராஜ் சோமதேவவும் சனாதனி ரணசிங்கவும் அகழ்ந்த மேட்டின் அறிக்கை 2006இல் வெளியானது. மினி-அத்திலியவில் கிடைத்த மனிதப் புதைப்பு பற்றிய கட்டுரை 2014இல் வந்தது. அதன் காலம் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன். வெப்பமண்டலத்து மண்ணில் எலும்பு சீக்கிரம் உக்கிப்போகும். சிப்பி மேட்டில் அப்படியல்ல. ஓடுகளின் சுண்ணம் மண்ணின் அமிலத்தைத் தணித்து எலும்பைக் காத்துவைக்கிறது. தின்ற மட்டியின் ஓடே தின்றவரின் எலும்புக்கும் காவலாக இருந்திருக்கிறது.

அதே தென்கரையில் ஜினதாச கட்டுப்பொத்த 1980களில் கடலுக்கு மேலே நிற்கும் பழைய பவளப் பாறைகளையும், உட்புறத்தில் புதைந்த இயற்கைச் சிப்பிப் படைகளையும் காபன் முறையில் காலங்கணித்தார். சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதைவிட ஒரு மீற்றருக்கும் மேலாக உயர்ந்திருந்ததை அந்த வயதுகள் காட்டின.

இது தீவகத்துக்கும் பெரிய செய்தி. கடைசிப் பனியுகத்தில் கடல் இன்றையதைவிட 120 மீற்றர் வரை தாழ்ந்து கிடந்தது. பாக்குநீரிணை வெறும் தரை. கடல் ஏறிவந்த பிறகே மண்டைதீவும் வேலணையும் புங்குடுதீவும் தீவுகளாயின. ஏறிய கடல் பிறகு கொஞ்சம் இறங்கியது. மண்டைதீவு போன்ற தாழ்ந்த தீவில் ஒரு மீற்றர் ஏற்ற இறக்கமே கரையை வெகுதூரம் நகர்த்திவிடும். அன்றைய கரையில் அமர்ந்து மட்டி தின்றவர்களின் குப்பை இன்றைய கரையில் இருக்க வேண்டியதில்லை. உட்புறத்துப் பழைய மணற்றிட்டிகளில், பனங்கூடலுக்குள், தோட்டக் காணிகளில் தேட வேண்டும்.

மன்னாரின் மாந்தையில் 1980களின் தொடக்கத்தில் கார்ஸ்வெல்லும் சிரான் தெரணியகலவும் அகழ்ந்தபோது, புகழ்பெற்ற துறைமுக நகரின் அடியில் கற்கருவிக் கால மனிதரின் தடமும் தென்பட்டது. போர் மூண்டு 1984இல் அந்த வேலை நின்றுபோனது. யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை அகழ்வைத் தொடங்கிவைத்த தலைமுறை பொ. இரகுபதியின் 1987ஆம் ஆண்டு நூல் வழியாகக் குடாநாட்டின் ஆதிக் குடியிருப்புகளை வரைபடமாக்கியது. அதன் பிறகு வந்த பல ஆண்டுகளில் தீவுகளில் மண்வெட்டி பதுங்குகுழிக்கும் காவலரணுக்குமே பயன்பட்டது. வேலணை ஆய்வு அந்த இடைவெளியைத் தாண்டி வந்திருக்கிறது.

மண்டைதீவில் இப்போது செய்யக்கூடியது

2025 செப்டெம்பர் 1ஆம் திகதி மண்டைதீவில் சர்வதேச துடுப்பாட்ட மைதானத்துக்கு ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க அடிக்கல் நாட்டினார். ஈரநிலம் குறித்துச் சூழலியலாளர்கள் கேள்வி எழுப்பினார்கள். மண்ணுக்கடியில் இருப்பதைப் பற்றியும் அதே அக்கறை வேண்டும். மைதானமும் வேலைவாய்ப்பும் வேண்டாம் என்று எவரும் சொல்லவில்லை. ஆனால் சிப்பிக் குவியல் பெரும்பாலும் அரை மீற்றர், ஒரு மீற்றர் ஆழத்திலேயே கிடக்கும். மண் அள்ளும் இயந்திரம் இறங்கிய முதல் வாரத்திலேயே அது கலைந்துவிடும். கலைந்த பிறகு மட்டி மிஞ்சும், ஆனால் எந்த மட்டி எந்தக் கரிக்குப் பக்கத்தில் கிடந்தது என்பது மிஞ்சாது. அந்த அயலுறவு போனால் மேலே சொன்ன திருத்தம் எதுவும் செய்ய முடியாது.

1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டமும் அதன் 1998 திருத்தமும் பெரிய அபிவிருத்தித் திட்டங்களுக்கு முன்னால் தொல்பொருள் தாக்க மதிப்பீடு செய்ய வழிவகுக்கின்றன. அதைக் காகிதத்தில் முடித்துவிடாமல், மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் ஒழுங்கான இடைவெளியில் சிறு சோதனைக் குழிகள் வெட்டிப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இதைவிட நல்ல களப்பயிற்சி கிடையாது.

ஊரவர்களின் பங்கும் பெரிது. கிணறோ அத்திவாரமோ வெட்டும்போது மட்டி ஓடுகள் கரியோடும் எலும்போடும் அடர்ந்து ஒரு படையாக வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஓடுகளைப் பொறுக்கிக் கழுவ வேண்டாம். ஓர் அடிமட்டத்தைப் பக்கத்தில் வைத்துக் கைபேசியில் படம் எடுங்கள். மேலிருந்து எத்தனை அடி ஆழம் என்று எழுதிவையுங்கள். தொல்பொருள் திணைக்களத்துக்கோ பல்கலைக்கழக வரலாற்றுத் துறைக்கோ சொல்லுங்கள். சுண்ணாம்புச் சூளைக்கும் வீதி நிரப்பவும் அள்ளிக் கொடுப்பதற்கு முன்னால் ஒரு நாள் பொறுங்கள்.

களங்கட்டி மீன் பிடிக்கும் பெரியவர்களிடமும் ஆய்வாளர்கள் போக வேண்டும். எந்த மட்டி எந்தச் சேற்றில், எந்த மாதத்தில், எவ்வளவு ஆழத்தில் கிடைக்கும் என்பதை அவர்களைவிட அறிந்தவர் இல்லை. ஆய்வுகூடத்துக்கு அனுப்ப எந்த இனம் தகுந்தது என்ற கேள்விக்குப் பாதி விடை அவர்களிடம் இருக்கிறது. மைதானத்துக்கு அத்திவாரம் ஆழமாக இறங்கும் முன்னரே அந்தப் பேச்சும் முதற் சோதனைக் குழியும் மண்டைதீவில் தொடங்கிவிட வேண்டும்.